ஹைப்ரிட் காரில் மைலேஜ் குறைகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "சொன்ன மைலேஜ் வரவில்லை." ஆனால் அதற்கான காரணம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு வலது கால் காரணம், இன்னொருவருக்கு டயர், வேறொருவருக்கு அவர் தினமும் போகும் தூரமே காரணம். "எவ்வளவு குறைகிறது" என்பதைவிட "எப்போது குறைகிறது" என்பதைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் காரில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடி, அங்கிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சார்ஜ் போடும் வசதி இல்லாத ஹைப்ரிட்டில், பேட்டரிக்குள் இருக்கும் மின்சாரம் முழுவதும் பெட்ரோலிலிருந்து வந்ததுதான். என்ஜின் நேரடியாக ஏற்றியதாக இருக்கலாம், அல்லது என்ஜின் கொடுத்த வேகத்தை பிரேக் போடும்போது திரும்பப் பிடித்ததாக இருக்கலாம். மின்சாரத்தில் ஓடும் கிலோமீட்டரும் இலவசம் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. புரிந்த பிறகு ஓட்டும் விதமே மாறிவிட்டது.

முதலில் சரியாக அளந்து பாருங்கள்

டேஷ்போர்டு காட்டும் எண்ணை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். பல கார்களில் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். டேங்கை நிரப்பி, பம்ப் தானாக நிற்கும் முதல் கணத்திலேயே நிறுத்தி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு டேங்க் போதாது. பம்ப் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பதே ஒன்றிரண்டு லிட்டர் வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும். மூன்று டேங்க் சராசரி எடுத்தால் அதை நம்பலாம்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றும் குறித்து வையுங்கள். 25-லிருந்து 22-க்கு இறங்கினால் பெரிய வீழ்ச்சி போலத் தெரிகிறது. மாற்றிக் கணக்கிட்டால் 100 கிலோமீட்டருக்கு 4 லிட்டர் என்பது 4.5 லிட்டராகியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த அரை லிட்டர் எங்கே போகிறது என்று தேடுவது எளிது.

புது டயர் போட்ட உடனே குறைந்ததாகத் தெரிந்தால், அதில் ஒரு பங்கு கணக்குப் பிழையாக இருக்கலாம். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. ஒரே தூரத்துக்கு அது அதிகமாகச் சுற்றுவதால் ஓடோமீட்டரும் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கும். புது டயரின் ரப்பர் தடிமனால் மட்டுமே 2 சதவீதம் வரை வித்தியாசம் வரும்.

"பக்கத்தில் போய் வந்தால் மைலேஜ் படுத்துவிடுகிறது"

இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓட்டங்களில் மட்டும் மோசமாக இருந்து, நீண்ட பயணத்தில் சரியாகிவிட்டால் காரில் கோளாறு இல்லை. என்ஜின் சூடாகவில்லை, அவ்வளவுதான்.

காலையில் முதல்முறை கிளம்பும்போது, பேட்டரி நிறைந்திருந்தாலும் என்ஜின் தானாக இயங்குவதைக் கவனித்திருப்பீர்கள். புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் புகையைச் சுத்தம் செய்யும். என்ஜின் ஆயிலும், என்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரான கூலன்ட்டும் சூடாக வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் எரியும் பெட்ரோலில் பெரும்பகுதி காரை நகர்த்துவதற்கு அல்ல, இரும்பைச் சூடாக்குவதற்குப் போகிறது. பயணமே ஐந்து நிமிடம் என்றால், முழுப் பயணமும் சூடேற்றும் வேலையோடு முடிந்துவிடும்.

குளிர் நாடுகளில் இது இன்னும் கடுமை. அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்குப்படி, வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் 7-க்கு இறங்கினால், நகரத்துக்குள் குறுகிய ஓட்டங்களில் சாதாரண பெட்ரோல் காரின் மைலேஜ் ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. ஹைப்ரிட்டில் 30 முதல் 34 சதவீதம் வரை குறைகிறது. என்ஜினை அணைத்து வைப்பதால் கிடைக்கும் லாபம்தான் ஹைப்ரிட்டின் பலம். குளிரில் அணைக்கவே முடியாமல் போனால் அந்தப் பலமும் போய்விடுகிறது.

இதற்குச் செய்யக்கூடியது: மூன்று வேலைகளுக்கு மூன்று முறை கிளம்பாமல், ஒரே சுற்றில் முடியுங்கள். அதிலும் தூரமான இடத்துக்கு முதலில் போய்விட்டு, அருகில் உள்ளவற்றைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஒருமுறை நன்றாகச் சூடானால், இடையில் அரை மணி நேரம் நிறுத்தினாலும் முழுதாக ஆறிவிடாது. நிறுத்தி வைத்து என்ஜினைச் சூடேற்ற வேண்டாம். மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடாக்குவதுதான் சிக்கனம். குளிர்காலத்தில் முதல் சில நிமிடம் ஹீட்டரைப் போடாமல் பொறுத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கான காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

"சிக்னலில் நின்றாலும் என்ஜின் அணைவதில்லை"

எப்போதாவது நடந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. தொடர்ந்து நடந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

ஹீட்டரோ, கண்ணாடிப் பனி நீக்கும் டிஃபாகரோ ஓடுகிறதா? பெரும்பாலான ஹைப்ரிட்களில் கேபினுக்குள் வரும் வெப்பம் என்ஜின் கூலன்ட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. நீங்கள் சூடு கேட்டால், என்ஜின் ஓடித்தான் கொடுக்க வேண்டும். சீட்டைச் சூடாக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஹீட்டரைக் குறைத்துப் பாருங்கள். என்ஜின் அடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பவர் மோடு அல்லது ஸ்போர்ட் மோடில் மறந்து விட்டுவிட்டீர்களா? பேட்டரி அளவு அடிமட்டத்தில் இருக்கிறதா? ஏசி உச்சத்தில் ஓடுகிறதா? இவை ஒவ்வொன்றும் என்ஜினை ஓடவைக்கப் போதும்.

இவை எதுவும் இல்லை, அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் அணையவில்லை என்றால் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மீது சந்தேகம் கொள்ளலாம். அது திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டே இருக்கும். என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்து, அதை ஓடவிடும். வெப்ப முள் இருக்கும் காரில், அது வழக்கமான இடத்துக்கு ஏறாமல் கீழேயே நிற்பது இதன் அடையாளம். பல ஹைப்ரிட்களில் வெப்ப முள்ளே இல்லாததால் இது நீண்ட நாள் தெரியாமல் போய்விடும். மெக்கானிக்கிடம் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மைல்டு ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் காரில் மோட்டார் என்ஜினுக்குத் துணைதான். அதனால் தனியாகக் காரை ஓட்ட முடியாது. சிக்னலில் அணைவது மட்டுமே பெரிய லாபம். 12 வோல்ட் பேட்டரி வலுவிழந்தால் முதலில் நின்றுபோவது அந்த வசதிதான். சீட் பெல்ட் போடவில்லை, கதவு சரியாக மூடவில்லை என்றாலும் வேலை செய்யாது.

"பேட்டரி எப்போதும் கீழேயே நிற்கிறது"

இந்த அறிகுறியில் மட்டும் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். நல்ல எண்ணத்தோடு ஓட்டுபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

வாங்கிய புதிதில் நான் EV பட்டனை, அதாவது மின்சாரத்தில் மட்டும் ஓடச் சொல்லும் பட்டனை, விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். என்ஜின் சத்தமில்லாமல் போகும் ஒவ்வொரு மீட்டரும் மிச்சம் என்று நினைத்தேன். என்ஜின் எழுந்துவிடக் கூடாது என்று ஆக்சிலரேட்டரில் கால் வைப்பதற்கே அஞ்சி, பின்னால் வரிசையாக வண்டிகள் காத்திருக்க, ஊர்ந்து போவேன். மூன்று டேங்க் கணக்குப் போட்டபோது, எதையும் கண்டுகொள்ளாமல் சாதாரணமாக ஓட்டிய என் மனைவியின் மைலேஜ் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

காரணம் இதுதான். பிளக் இல்லாத ஹைப்ரிட்டின் பேட்டரி மிகச் சிறியது. 2010-ம் ஆண்டு டொயோட்டா ப்ரியஸில் இருந்தது சுமார் 1.3 கிலோவாட்-மணி. அதிலும் பேட்டரியின் ஆயுளைக் காப்பதற்காக நடுப்பகுதியை மட்டுமே கார் பயன்படுத்தும். கைக்குக் கிடைப்பது அரை கிலோவாட்-மணி அளவுதான். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. அதாவது இந்தப் பேட்டரி டேங்க் அல்ல, ஒரு டம்ளர். ஊற்றுவதும் மொள்ளுவதும் வேகமாக நடக்கத்தான் அது இருக்கிறது.

அந்த டம்ளரை நீங்கள் வலிந்து காலி செய்தால், என்ஜின்தான் மறுபடி நிரப்ப வேண்டும். என்ஜினின் சக்தி ஜெனரேட்டரில் மின்சாரமாகி, பேட்டரிக்குள் போய், மறுபடி வெளியே வந்து, மோட்டாரில் சுழற்சியாக மாற வேண்டும். நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் 5 முதல் 10 சதவீதம் கழிந்தால்கூட, கடைசியில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வழியிலேயே போய்விடும். அதே சக்தி என்ஜினிலிருந்து நேராகச் சக்கரத்துக்குப் போயிருந்தால் இந்த இழப்பின் பெரும்பகுதி இல்லை.

அப்படியானால் பேட்டரியால் என்ன பயன்? பெட்ரோல் என்ஜின் மிகக் குறைந்த பளுவில் ஓடும்போதுதான் மிக மோசமாக எரிபொருளை வீணாக்கும். ஊர்ந்து போவது, நின்றுகொண்டு ஓடுவது எல்லாம் அந்த வகை. அந்த நேரங்களில் என்ஜினை அணைத்துவிட்டு மின்சாரத்தில் நகர்வதும், பிரேக்கில் வீணாகும் ஆற்றலைப் பிடிப்பதும்தான் பேட்டரியின் வேலை. எப்போது எது லாபம் என்று காரின் கம்ப்யூட்டர் விநாடிக்குப் பல முறை கணக்கிடுகிறது. அதை விட்டுவிடுங்கள். EV பட்டன், இரவு நேரத்தில் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வண்டியை விடவும், மூடிய பார்க்கிங்கில் புகை விடாமல் நகர்த்தவும்தான்.

"மெதுவாகத்தான் கிளப்புகிறேன், ஆனாலும் வரவில்லை"

மேலே சொன்னதன் தொடர்ச்சி இது. சிக்னலில் பச்சை விழுந்ததும் முட்டை மேல் கால் வைத்தாற்போல் அழுத்தி, அரை கிலோமீட்டர் தூரத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவது சிக்கனம் அல்ல. அந்த நேரம் முழுவதும் பேட்டரி கரைகிறது, அல்லது என்ஜின் அதற்குப் பிடிக்காத குறைந்த பளுவில் ஓடுகிறது. என்ஜின் மிகத் திறமையாக வேலை செய்வது நடுத்தரப் பளுவில். அதைக் கொஞ்சம் வேலை வாங்கத்தான் வேண்டும்.

பழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டியது இதுதான். கிளம்பும்போது டேஷ்போர்டில் உள்ள பவர் மீட்டர் ஈகோ பகுதியின் மேல் பாதியில் நிற்கும்படி, தயங்காமல் அழுத்துங்கள். பவர் பகுதிக்குள் போக வேண்டாம். விரும்பிய வேகம் வந்ததும் காலை முழுதாக எடுத்துவிட்டு, மறுபடி இறகு போல் லேசாக வையுங்கள். பல கார்களில் அந்தக் கணத்தில் என்ஜின் அணைந்து, மோட்டார் மட்டும் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்கத் தேவைப்படும் சக்தி மிகக் குறைவு என்பதால் இது சாத்தியம். ஏற்றம் வந்தாலோ வேகம் குறைந்தாலோ மீண்டும் என்ஜினை எழுப்பி ஏறுங்கள், மறுபடி காலை எடுங்கள். ஒரு வாரத்தில் இது கைவந்துவிடும். அதன்பிறகு மீட்டரைப் பார்க்கவே வேண்டியதில்லை. பார்க்கவும் கூடாது, கண் சாலையில்தான் இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்துத் தவறு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சீறிக் கிளம்பி, சீறி நிற்பது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கில், முரட்டுத்தனமாக ஓட்டுவதால் நின்று நின்று போகும் போக்குவரத்தில் 10 முதல் 40 சதவீதம் வரை மைலேஜ் போகிறது. எந்த உதிரிபாகத்தை மாற்றினாலும் இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது.

"பிரேக் போட்டாலும் பேட்டரி ஏறுவதே இல்லை"

பிரேக் போடும் விதத்தைப் பாருங்கள். கணக்காகவே காட்டுகிறேன். 1,500 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் சுமார் 208 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. அதைப் 10 விநாடியில் நிறுத்தினால் சராசரியாக 21 கிலோவாட் வேகத்தில் ஆற்றல் வெளியேறுகிறது. 4 விநாடியில் நிறுத்தினால் 52 கிலோவாட். மேலே சொன்ன ப்ரியஸின் பேட்டரி கொடுக்கக்கூடிய உச்சமே 27 கிலோவாட்தான். ஏற்றிக்கொள்வதற்கும் அதே மாதிரி ஓர் எல்லை உண்டு. ஆக, 10 விநாடி பிரேக்கில் பெரும்பகுதி பேட்டரிக்குப் போகும். 4 விநாடி பிரேக்கில் பாதிக்கு மேல் பிரேக் டிஸ்க்கில் வெறும் சூடாகிவிடும்.

இன்னொரு நுட்பம்: வேகம் அதிகமாக இருக்கும்போது அதே அழுத்தம் அதிக சக்தியை வெளியேற்றுகிறது. அதனால் தொடக்கத்தில் லேசாகவும், வேகம் குறையக் குறைய சற்றுக் கூடுதலாகவும் அழுத்தினால் பேட்டரியின் எல்லைக்குள்ளேயே நிற்கலாம். சார்ஜ் மீட்டர் அதன் கடைசிக் கோட்டைத் தொடாமல் இருந்தால் நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள். நிற்பதற்கு முந்தைய கடைசிச் சில மீட்டரில் எப்படியும் சாதாரண பிரேக்தான் பிடிக்கும். அதை மாற்ற முடியாது. அவசரத்தில் இதெல்லாம் கணக்கில் வேண்டாம், முழு பலத்தோடு மிதியுங்கள்.

இப்படி பிரேக் ஆற்றலை மின்சாரமாகத் திரும்பப் பிடிக்கும் ரீஜென் பிரேக்கிங்கைப் பற்றிப் பேசும்போது பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. திரும்பப் பிடிப்பது நல்லது, ஆனால் இழக்காமல் இருப்பது அதைவிட நல்லது. பிரேக்கில் பிடித்து மறுபடி சக்கரத்துக்கு அனுப்பும்போது வழியில் ஒரு பங்கு கழிந்துவிடும். பிரேக்கே போடாமல் உருண்டு போனால் கழிவதற்கு எதுவும் இல்லை. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தவுடனே காலை எடுத்து உருளவிட்டு, நீங்கள் போய்ச் சேரும்போது பச்சை விழுந்தால் அதுதான் அன்றைய பெரிய சேமிப்பு. முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி விட்டால்தான் இதைச் செய்ய முடியும். மைலேஜுக்கு நான் சொல்லும் ஒரே ஒரு பழக்கம் எது என்று கேட்டால், இந்த இடைவெளியைத்தான் சொல்வேன்.

"மலை இறங்கும்போது என்ஜின் அலறுகிறது"

பேட்டரி நிரம்பிவிட்டது. அதே 1,500 கிலோ கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால் 0.4 கிலோவாட்-மணி ஆற்றல் வெளியாகிறது. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், சில நூறு மீட்டர் இறக்கத்திலேயே அந்தச் சிறிய டம்ளர் வழிந்துவிடும். அதன்பிறகு மிச்ச ஆற்றலுக்கு இடமில்லாததால், கார் என்ஜினைப் பெட்ரோல் இல்லாமல் வெறுமனே சுழற்றி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சத்தம் கேட்கும், எரிபொருள் செலவாகாது.

இறக்கம் வரப்போகிறது என்று தெரிந்தால், உச்சியை அடையும் கடைசிப் பகுதியில் வேகத்தை அவசரமாகக் கூட்டாமல், பேட்டரி சற்றுக் குறைந்த நிலையில் உச்சியைத் தாண்டுவது லாபம்.

கியரில் B என்று இருக்கும் நிலையைப் பற்றி ஒரு தெளிவு தேவை. டொயோட்டா வகை ஹைப்ரிட்களில் அது என்ஜின் பிரேக்கிங்குக்கானது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறாமல் காக்கத்தான் இருக்கிறது. "அதிகம் சார்ஜ் ஆகும்" என்று நினைத்து நகரத்துக்குள் B-யில் ஓட்டினால், பேட்டரிக்குப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு என்ஜினைச் சுழற்றுவதில் வீணாகும். வேறு சில நிறுவனங்களின் கார்களில் அதே எழுத்து ரீஜென்னைக் கூட்டும். உங்கள் காரின் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

"ஊருக்குள் நன்றாக வருகிறது, ஹைவேயில் இறங்குகிறது"

இது ஹைப்ரிட்டின் இயல்பு. 2010 ப்ரியஸுக்கு அமெரிக்க அரசு சோதனையில் கிடைத்தது நகரத்தில் காலனுக்கு 51 மைல், நெடுஞ்சாலையில் 48. நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 21.7, 20.4 கிலோமீட்டர். சாதாரண பெட்ரோல் காரில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். நெடுஞ்சாலையில் பிரேக் குறைவு, அதனால் திரும்பப் பிடிக்க ஒன்றுமில்லை. மோட்டாருக்கு வேலை குறைவு. பெட்ரோல் என்ஜினும் காற்றும் மட்டும்தான் மோதுகின்றன.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் கூடும். 100-லிருந்து 120 கிலோமீட்டருக்கு ஏற்றினால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது, எதிர்ப்பு 44 சதவீதம் கூடுகிறது. 90, 100-ல் நிறுத்திக்கொள்வதைவிடப் பெரிய வைத்தியம் கிடையாது. கூரையில் பெட்டியோ கேரியரோ இருந்தால் வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். பெரிய கூரைப் பெட்டி நெடுஞ்சாலை வேகத்தில் 6 முதல் 17 சதவீதம் வரை தின்னும். சமதளத்தில் குரூஸ் கண்ட்ரோல் உதவும். ஏற்ற இறக்கச் சாலையில் அதை எடுத்துவிட்டு, ஏற்றத்தில் கொஞ்சம் வேகம் குறையவிட்டு இறக்கத்தில் மீட்டுக்கொள்ளுங்கள்.

லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் காற்று குறையும் என்று சிலர் சொல்வார்கள். குறையும்தான். ஆனால் அந்த இடைவெளியில் லாரி பிரேக் போட்டால் உங்களுக்கு நிற்க நேரம் இருக்காது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

"நெரிசலில் ஏசி போட்டால் மைலேஜ் கரைகிறது"

மோட்டார் தனியாகவே காரை ஓட்டக்கூடிய ஸ்ட்ராங் ஹைப்ரிட்களில் ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது, என்ஜின் அணைந்தாலும் குளிர் நிற்காது. அந்த மின்சாரமும் பெட்ரோல்தான். ஏசி 1 கிலோவாட் எடுக்கிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மூன்றில் ஒரு லிட்டர் அளவு பெட்ரோல் அதற்கே போகும். ஒரு மணியில் 60 கிலோமீட்டர் போனால் அந்தச் செலவு 60 கிலோமீட்டரில் பரவி, தெரியாமல் போய்விடும். நெரிசலில் ஒரு மணியில் 12 கிலோமீட்டர்தான் நகர்ந்தால், முழுச் சுமையும் அந்த 12 மேல் விழுகிறது. கார் நிற்கும்போதே என்ஜின் அடிக்கடி எழுந்து சார்ஜ் செய்வது இதனால்தான். கோளாறு அல்ல.

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஒரு நிமிடம் ஜன்னல்களைத் திறந்து சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு உள்காற்றைச் சுழற்றும் நிலையில் ஏசியைப் போட்டு, 24, 25 டிகிரியில் வையுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஜன்னலைத் திறந்து ஓட்டுவதைவிட ஏசியே மேல்.

நெரிசலில் N கியரில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் சாதாரண காரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. டொயோட்டா வகை ஹைப்ரிட்டில் N-ல் இருக்கும்போது என்ஜின் ஓடினாலும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. ஏசி மட்டும் கறந்துகொண்டே இருக்கும். உருண்டு போகும்போது N-க்கு மாற்றினால் ரீஜென்னும் கிடையாது. D-யிலேயே பிரேக் பிடித்து நில்லுங்கள். நேரம் ஆகும் என்றால் P.

"நேற்று வரை சரியாக இருந்தது, திடீரென இறங்கிவிட்டது"

இப்போதுதான் காரைச் சந்தேகிக்க வேண்டும். ஓட்டும் விதம் ஒரே வாரத்தில் மாறாது.

டயர் காற்று முதலில். நான்கு டயரின் சராசரியில் 1 பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம் மைலேஜ் போகும். சிறிதாகத் தெரிந்தாலும் 8, 10 பிஎஸ்ஐ குறைந்து ஓடுபவர்கள் நிறையப் பேர். டயர் ஆறியிருக்கும்போது, ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். டயரை மாற்றியிருந்தால் அதன் ரகத்தையும் பாருங்கள். ஹைப்ரிட்டுடன் வருவது பெரும்பாலும் உருளும் எதிர்ப்பு குறைந்த டயர். சாதாரண ரகத்துக்கு மாறினால் வித்தியாசம் நிரந்தரமாகத் தெரியும்.

அடுத்து பிரேக். ஹைப்ரிட்டில் ரீஜென் பெரும்பகுதி வேலையைச் செய்வதால் பிரேக் பேட்கள் நீண்ட காலம் உழைக்கும். அதே காரணத்தால், பேட்களை அழுத்தும் காலிப்பர்கள் அசையாமல் கிடந்து துருப்பிடித்து இறுகும். எனக்கு ஒருமுறை திடீரென மைலேஜ் இறங்கியபோது, பெரிய பேட்டரியை (12 வோல்ட் அல்ல, மோட்டாரை ஓட்டும் ஹைப்ரிட் பேட்டரியை) மாற்ற வேண்டியிருக்கும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவை நினைத்து இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் பின்பக்க இடது சக்கரத்தின் காலிப்பர் சிக்கியிருந்தது. சுத்தம் செய்து கிரீஸ் போட்டதும் சரியாகிவிட்டது. நீங்களே பார்க்கலாம்: பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதுதான் இடம். சமதளத்தில் காலை எடுத்தால் கார் முன்பு போல் நீளமாக உருளாமல் சீக்கிரம் தளர்வதும் அதே அடையாளம். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால், டயரின் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

மூன்றாவது, பெரிய பேட்டரியின் காற்றுத் துவாரம். பல கார்களில் அது பின்சீட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு சிறிய ஜன்னல் போல இருக்கும். பை, துணி, செல்லப்பிராணியின் முடி எதுவும் அதை அடைத்தால் பேட்டரி சூடேறும். சூடேறினால் கார் அதைப் பயன்படுத்துவதையும் ஏற்றுவதையும் குறைத்துக்கொள்ளும். பின்சீட் பக்கத்திலிருந்து விசிறிச் சத்தம் அடிக்கடி பலமாகக் கேட்டால் அந்த ஃபில்டரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கடைசி சர்வீஸில் என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று பில்லைப் பாருங்கள். 0W-16 அல்லது 0W-20 போன்ற மெல்லிய ஆயிலைக் கேட்கும் என்ஜினில் தடிமனான ஆயிலை ஊற்றினால், அடிக்கடி அணைந்து எழும் ஹைப்ரிட் என்ஜினுக்கு ஒவ்வொரு முறையும் கூடுதல் உராய்வு. பெட்ரோலில் எத்தனால் கலப்பு கூடியிருந்தாலும் குறையும். 10 சதவீதக் கலப்பில் ஏறத்தாழ 3 சதவீதம்.

சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டிய நேரம்

பேட்டரி அளவு சில நிமிடங்களிலேயே நிரம்புவதும் காலியாவதுமாகத் துள்ளினால், சமதளத்தில் சும்மா போகும்போதும் என்ஜின் இரைந்துகொண்டே இருந்தால், எச்சரிக்கை விளக்கு எரிந்தால், இனி ஓட்டும் விதத்தை மாற்றிப் பயனில்லை. ஆரஞ்சு நிறக் கேபிள்களை நீங்கள் தொடவே கூடாது. அவற்றில் ஓடுவது பல நூறு வோல்ட்.

போகும்போது மூன்று டேங்க் கணக்கு, டயர் காற்றின் அளவு, எந்த மாதிரி ஓட்டத்தில் குறைகிறது என்ற குறிப்பு இவற்றைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். பேட்டரியை மாற்றச் சொன்னால், ஸ்கேனரில் பேட்டரியின் ஒவ்வொரு பிளாக்கின் (செல் தொகுப்பின்) வோல்டேஜையும் காட்டும்படி கேளுங்கள். பளு ஏறும்போது ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சரிந்தால் பழுது பேட்டரியில். எல்லாம் சேர்ந்தே ஏறி இறங்கினால், பணம் கட்டுவதற்கு முன் நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.